பிளேடு போட்ட பை



சித்திரைத் திருவிழாவுக்காகத் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார், மதுரை விளாங்குடியில் எங்கள் தெருத் தம்பி ஒருவர். டவுன் பஸ்ஸில் பெரியார் நிலையம் போய் இறங்கி, தோளில் தொங்கிய பையைத் தடவிப் பார்த்தால் அடிப்பக்கம் வாயைப் பிளந்து நிற்கிறது. பிளேடு போட்டுவிட்டார்கள். பர்ஸும் பாஸ்போர்ட்டும் போச்சு. தண்ணீர் பாட்டிலை மட்டும் விட்டுவைத்திருந்தான், புண்ணியவான். நின்ற இடத்திலிருந்தே எனக்குப் போன்: “அண்ணே, தட்கல்ல போட்டா எத்தனை நாள்ல கெடைக்கும்?”

யாராக இருந்தாலும் முதலில் இதைத்தான் கேட்போம். ஆனால் அவரை நான் முதலில் அனுப்பியது காவல் நிலையத்துக்கு. அங்கே ஒருவர், “காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுங்க தம்பி, லேசா முடிஞ்சிரும்” என்றாராம். ஆசையாகத்தான் இருக்கும். தொலைந்த ஆவணங்களுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையத்திலேயே அறிக்கை தருகிறது. வீட்டை விட்டு நகர வேண்டாம். ஆனால் கிழிந்த பை கையில் இருக்கும்போது எப்படித் ‘தொலைந்தது’ ஆகும்? நாளைக்கு அந்தப் புத்தகத்தை வைத்து எவனாவது வில்லங்கம் செய்தால், திருட்டு என்று பதிந்த எப்.ஐ.ஆர். தான் நமக்குத் துணை. தம்பி பிடிவாதமாகத் திருட்டு என்றே எழுதிக் கொடுத்தார்.

இனி தட்கலுக்கு வருவோம். சாதாரணமாக 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். களவு போனதற்குப் பதில் வாங்கினால் 3,000. தட்கல் என்றால் மேலே இன்னும் 2,000. விண்ணப்பம் கொடுத்த நாளை விட்டு மூன்றாவது வேலை நாளில் புத்தகம் கிளம்பும் என்பது கணக்கு. அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. போலீஸ் விசாரணை முடிந்த பிறகே தருவோம் என்று பாஸ்போர்ட் அலுவலகம் முடிவெடுத்தால், அந்த மூன்று நாள் விசாரணை அறிக்கை வந்த பிறகே ஓட ஆரம்பிக்கும். தட்கலில் எடுத்துக்கொள்வதா என்பதும் அவர்கள் கையில்தான். 2,000 ரூபாய்க்கு வரிசையில் முன்னால் இடம் கிடைக்கலாம். விசாரணைக்கு வரும் காவலரின் பைக்குக்கு அது பெட்ரோல் ஆகாது. டிக்கெட் தேதி கழுத்தை நெரிக்காதவர்கள் சாதாரணத்திலேயே போடலாம் என்பது என் கட்சி.

உண்மையில் தம்பிக்கு நாளை மிச்சம் பிடித்துக் கொடுத்தது வேறொன்று. பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களை அவர் தங்கச்சி எப்போதோ போனில் படம் பிடித்து வைத்திருந்தது. எண்ணும் தேதியும் தேடி அலையாமல், எங்கே எப்படிப் போனது என்ற உறுதிமொழியையும் அன்றிரவே எழுதி முடித்தார். துபாய்க் கம்பெனிக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டார். விசா பழைய எண்ணில் அல்லவா இருக்கிறது! 2007-க்கு முன்பென்றால் இதற்கெல்லாம் திருச்சிக்கு ஓடியிருக்க வேண்டும். இப்போது மதுரையிலேயே அலுவலகம்.

புதுசு வந்தது. பத்து நாள் கழித்துத் தபால்காரர் பழையதையும் கொண்டுவந்து நீட்டினார்! பணத்தை எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அம்மா அதைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டார். திருட்டு என்று சொல்லி ரத்தான எண். அதை வைத்து எங்கும் பறக்க முடியாது, அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியதுதான். மறுநாள் அதே டவுன் பஸ்ஸில் கிளம்பினார் தம்பி. இந்த முறை பை இல்லை, பனியனுக்குள் செருகியிருந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்