கடையநல்லூருக்குக் கணக்கு வராதா?

‘மேலாண்மைப் படிப்புக்கான கேட் (CAT) தேர்வின் கணக்குப் பகுதியில் தேற வேண்டுமா? கடையநல்லூர் போன்ற சிறு நகரில் இருந்து பயனில்லை. சென்னைப் பயிற்சி மையங்களுக்குப் போய்க் குறுக்குவழிகளைப் படியுங்கள்’ என்ற வாதத்தை நான் முழுமையாக மறுக்கிறேன்.

அண்மை ஆண்டுகளில் அந்தப் பகுதிக்கு 22 கேள்விகள், 40 நிமிடம். கேட்பது விழுக்காடு, விகிதம், வேலையும் நேரமும், இருபடிச் சமன்பாடு, முக்கோணம், வட்டம். பெரும்பாலானவை நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குள் படித்தவை. திரையிலேயே கால்குலேட்டரும் உண்டு. பிறகு, வேகப் பெருக்கல் தந்திரங்களுக்கு எதற்கு இத்தனை பணம்? வளைகுடாவில் வெயிலில் நின்று உழைத்துப் பல பிள்ளைகளின் அப்பா அனுப்பும் பணம் அது!

பிள்ளைகள் சறுக்கும் இடம் வேறு. கேள்வியைச் சமன்பாடாக மாற்றத் தெரியவில்லை. எதை விடுவது என்றும் தெரியவில்லை. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறான தெரிவுக்கு 1 கழிவு. நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரி லாபம் பூஜ்யம். தெரிவுகள் இல்லாத கேள்விகளுக்கோ கழிவே இல்லை. அவற்றை வெறுமையாக விடுவது வீண்.

முந்தைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம். கடிகாரம் வைத்து எழுதட்டும். தவறிய ஒவ்வொரு கணக்கையும் மறுநாள் விடையைப் பார்க்காமல் மீண்டும் போடட்டும். ஆங்கிலக் கேள்வி புரியாமல் தடுமாறும் பிள்ளையோடு உள்ளூர்க் கணக்கு ஆசிரியர் ஒருவர் மாலையில் உட்கார்ந்தால் போதும். அதற்குச் சென்னை வேண்டாம்.