பித்தளைக் குடமும் சித்திர அப்யாசமும்

கும்பகோணத்தில் சித்திரக்கலை பயிலும் என் தமக்கை மகன், சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, எங்கள் வீட்டுப் பின்கட்டில் நெடுநாளாய்க் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து, புளி போட்டுத் துலக்கி, கிணற்றடியில் வெயில் சாய்வாய் விழும் இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பும் நாள்வரை அந்த ஒன்றையே வரைந்துகொண்டிருந்தான். இடுப்பருகே நசுங்கிய பழைய குடம் அது. அந்த நசுங்கலுக்காகவே அதைத் தேர்ந்ததாகச் சொன்னான்.

முதலில் கரித்துண்டு. விரல் பட்டாலே காகிதத்தை விட்டு உதிர்ந்துவிடும் அந்தக் கரி, தவற்றைத் திருத்திக்கொள்ளத் தாராளமாய் இடங்கொடுப்பதால், குடத்தின் பெரிய நிழல் எது, பெரிய வெளிச்சம் எது என்று அச்சமின்றித் தேட முடிந்தது. அடுத்து நிப்புப் பேனாவும் இந்தியன் இங்க்கும். அங்கே இழுத்த கோடு இழுத்ததுதான். வளைவு உள்வாங்கி மறுபடி வெளியே திரும்பும் அந்த அரை அங்குல நசுங்கலுக்காகப் பத்துப் பன்னிரண்டு தாள்களைக் கழித்த பிறகு, ஒருநாள் காலை, காகிதத்தின்மேல் பேனாவைக் கொண்டுசெல்லாமலேயே வெகுநேரம் குடத்தைப் பார்த்திருந்துவிட்டு, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் அதை எழுதி முடித்தான்.

நீர்வண்ணத்துக்கும் தைலவண்ணத்துக்கும் வந்தபோதுதான் நான் அறியாத ஒன்றைக் கண்டேன். குடத்தின் தோளில் வெயில் பட்டுப் பளிச்சிடும் சிறு புள்ளிக்கு நீர்வண்ணத்தில் வர்ணம் ஏதும் வைப்பதில்லை. காகிதத்தின் வெண்மையையே அவ்விடத்தில் தீண்டாமல் விட்டுவிட வேண்டியிருப்பதால், படத்தின் கடைசி அழகாய்த் தோன்றும் அந்த ஒளியைச் சித்திரக்காரன் முதற்கணத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். தைலவண்ணத்திலோ அதே ஒளிப்புள்ளி எல்லாம் முடிந்தபின் வெள்ளையைக் குழைத்து மேலே வைக்கப்படுகிறது. அதுவரை காத்திருப்பதும் எளிதன்று. ஆளிவிதை எண்ணெய், தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு, நாட்கணக்கில் மெல்ல இறுகுகிறது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருக்கவேண்டும். முறை மாறினால் பின்னாளில் வெடிப்புக் காணும். ஆக, ஒரே வெயில், ஒரே குடம். ஒன்றில் முன்யோசனையையும் மற்றதில் பொறுமையையும் அது கேட்கிறது.

இந்தப் படங்களையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு இளைஞர் கண்காட்சி ஒன்றின் தேர்வுக்கு அவன் போனான். புரட்டிப் பார்த்தவர், “உனக்கென்று ஒரு பாணி இல்லையே, ஏதாவது ஒரு சாதனத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். 20 வயதுப் பிள்ளையிடம் பாணியைக் கேட்கும் இந்த அவசரம் இன்று பலரிடம் காணப்படுவது எனக்கு மெய்யாகவே வேதனை தருகிறது. நீர்வண்ண நிலக்காட்சிகளால் இளமையிலேயே கீர்த்தி பெற்ற கே.சி.எஸ். பணிக்கர், 50 வயதைக் கடந்த பிறகல்லவா எழுத்துகளும் குறியீடுகளும் நிரம்பிய தமது புகழ்பெற்ற சித்திர வரிசைக்கு வந்து சேர்ந்தார்! கறுப்பு மையின் கோடுகளால் காந்தியடிகளை எழுதிப் பேர் பெற்ற ஆதிமூலம், பிற்காலத்தில் உருவங்களைக் கடந்து தைலவண்ணப் பரப்புகளுக்குள் போனதை நாமே பார்த்திருக்கிறோம். முந்தைய சாதனத்தில் பெற்ற பயிற்சி இவர்களுக்குப் பிந்தையதில் வீணாய்ப் போயிற்று என்று எவர் சொல்லத் துணிவார்?

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சின் அடியிலிருந்து 1931-ஆம் ஆண்டு வெளிப்பட்ட சோழர் சித்திரங்களை எண்ணிப் பார்க்கிறேன். ஈரச் சுண்ணத்தின்மேல் எழுதும் அந்த முறையில், சாந்து காய்வதற்குள் கை தன் வேலையை முடித்திருக்க வேண்டும். காயும் சுண்ணமே வர்ணத்தைப் பற்றிக்கொள்ளும். மை தொட்டு மீளமுடியாத கோட்டை இழுத்துப் பழகிய மாணவன் அந்தச் சுவரின்முன் நிற்கையில், அங்கே ஆடும் மகளிரின் கை வளைவை மற்றவர்களைவிட ஒரு படி நெருங்கியே காண்பான் என்பது என் நம்பிக்கை.

பல சாதனங்களில் பழகவேண்டுமென்று சொல்லுவது எளிது. அதற்குப் பணம் வேண்டும். கரித்துண்டு யார் கைக்கும் எட்டும். தைலவண்ணமும் கான்வாஸும் நல்ல தூரிகைகளும் நீர்வண்ணத்துக்குரிய கனத்த காகிதமும் அப்படியல்ல. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை ஒரே சாதனத்தோடு நின்றுவிடுவதைப் பாணி என்று பாராட்டுவது எவ்வளவு பெரிய அநீதி! ஆய்வகத்துக்கு வேண்டிய திராவகங்களை ரசாயன மாணவனே கடையில் வாங்கி வரட்டும் என்று எந்தக் கல்லூரியும் சொல்லுவதில்லை. சித்திர மாணவனுக்கும் வர்ணங்கள் நிறைந்த ஒரு பொதுப் பண்டகசாலையை ஒவ்வொரு கலைக் கல்லூரியிலும் அரசு செலவில் ஏற்படுத்தவேண்டும். கண்காட்சி நடத்துவோரும், மாணவர் பிரிவிலேனும், ஒரே பொருளைப் பல சாதனங்களில் எழுதிய தொகுப்புகளுக்குச் சுவரில் இடம் ஒதுக்கவேண்டும்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின மாலை, குடத்தின் தோளில் அந்த ஒளிப்புள்ளியை வைக்கவேண்டிய நேரத்தில், அவனுடைய வெள்ளை வர்ணம் தீர்ந்துபோயிற்று. எங்கள் ஊரில் அது விற்கும் கடை கிடையாது. சமையலறைக் கத்தரிக்கோலை வாங்கிப்போய், அந்தத் தகரக் குழாயை நீளவாக்கில் வெட்டி விரித்து, மடிப்புகளில் ஒட்டியிருந்ததைக் கத்தி முனையால் வழித்தெடுத்தான். சுண்டுவிரல் நகத்தளவு கிடைத்தது.