அப்பாவி என்றொரு தராசு

சில மாதங்களுக்கு முன் கம்பத்தில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில், எச்.ஐ.வி. தொற்றாளர்களைப் பற்றிப் பேசிய நண்பர் ஒருவர் கண்கலங்கினார். கணவனிடமிருந்து தொற்றைப் பெற்ற மனைவியருக்காகவும், பிறப்பிலேயே அதைச் சுமந்து வந்த குழந்தைகளுக்காகவும். ‘எத்தவறும் செய்யாத அப்பாவிகள்’ என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். திரும்பும் பேருந்து உத்தமபாளையம் தாண்டும்போதுதான் உறைத்தது: சிலரை அப்பாவிகள் என்று பிரித்தெடுத்தால், எஞ்சியவர்களைக் குற்றவாளிகள் என்றல்லவா சொல்லிவிடுகிறோம்?

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. பின்னர் தேனி, தமிழகத்தில் தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. மலைப்பாதை லாரிகளைக் காரணம் காட்டினோம். ஆனால் லாரி ஓட்டுநரை நம் சமூகம் ஒருவாறு மன்னித்தும் விட்டது. மன்னிக்கப் பழகிய சமூகம்தான் இது. பரத்தையிற் பிரிவைத் துறையாக வகுத்துப் பாடியவர்கள் நாம். அகத்திணை ஏழிலும் இடமில்லாதவன், ஆணை நேசிக்கும் ஆண். 2003இல் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழகச் சுவர்களெல்லாம் கேட்டன. அந்தப் புள்ளிராஜாவும் பெண்களை நாடியவன்தான். பிரச்சாரம் கூட இவனைப் பார்த்துப் பேசவில்லை.

என்னிடம் படித்த ஒருவர் இத்தகையவர். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கும்போது, மாதந்தோறும் மதுரைக்குப் பேருந்து ஏறுகிறார். காரணம் கேட்டேன்.

“ஐயா, நோய் இருக்கிறது என்று தெரிந்தால் அழுவார்கள், பிறகு சோறு போடுவார்கள். ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று கேட்பார்களே, அதற்கு நான் என்ன சொல்வது?”

மாத்திரைப் புட்டியின் மேலொட்டைக் கிழித்துவிட்டு வைத்திருக்கிறார். வீட்டிலோ பெண் பார்க்கிறார்கள். மறுப்பதற்கும் காரணம் சொல்ல இயலாது. தொற்றாளர் கூட்டங்களுக்குப் போனால் கைம்பெண்களும் குடும்பங்களும் இருக்கிறார்கள். அங்கும் பாதி உண்மையை மறைக்க வேண்டும். உறக்கமற்ற இரவுகளில், எதற்காக இந்த மாத்திரை என்று தோன்றிச் சில நாள் விட்டுவிடுவாராம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை என்பது இன்று மருத்துவம் ஐயமின்றி நிறுவிய உண்மை. விட்டுவிட்டு உட்கொண்டாலோ, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி தலைதூக்கும். மனம் உடைந்தால் மருந்தும் தோற்கும்.

‘சட்டம்தான் வந்துவிட்டதே’ என்பர். உண்மைதான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோரின் இசைவான தன்பாலுறவைக் குற்றமென்னும் தளையிலிருந்து விடுவித்தது. நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, தொற்றாளர்களை வேலையிலோ, கல்வியிலோ, மருத்துவத்திலோ பாகுபடுத்தக் கூடாதென்னும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எந்தச் சட்டம் ஒரு தாயின் கேள்வியைத் தடுக்கும்? ஆசிரியர் அறையில் எழும் சிரிப்பைத் தடுக்கும்? அச்சிரிப்பில் நானும் கலந்திருக்கிறேன். ‘ஓரினச்சேர்க்கை’ என்று, ஒரு மனிதனின் நேசத்தையும் தனிமையையும் வெறும் சேர்க்கையாகச் சுருக்கும் சொல்லை வகுப்பறையில் கூசாமல் சொல்லியிருக்கிறேன். அன்று அம்மாணவரும் அமர்ந்திருந்தார்.

2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்பைக் குறித்துத் தமக்குப் போதிய புரிதல் இல்லையென வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றபின் தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதிக்கு இல்லாத கௌரவக் குறைவு, சொல்லையே தொழிலாகக் கொண்ட நமக்கு எங்கிருந்து வந்தது?

நண்பர்களே, கருணைக்குத் தகுதிச் சான்று கேட்பது கருணை ஆகாது. எப்படி வந்தது என்று விசாரித்த பிறகு கொடுக்கப்படும் ஆதரவு, விசாரணையின் இன்னொரு பெயர்தான். ‘அப்பாவி’ என்னும் சொல்லை நம் மேடைகளிலிருந்தும் கதைகளிலிருந்தும் நீக்குவோம். அடுத்த கூட்டத்தில் அச்சொல் ஒலித்தால் நான் கைதட்டப் போவதில்லை. எழுந்து மறுப்பேன். அரங்கின் பின்வரிசையில் அவரும் அமர்ந்திருக்கக் கூடும்.