கம்பிக்குக் கண் கிடையாது

போன செமஸ்டர்ல எங்க ஹாஸ்டலில் ஒரே வாரத்தில் மூணு லேப்டாப் காணாமப் போச்சு. அன்னைக்கு ராத்திரி ஃப்ளோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன், "ராத்திரி உள்ளே வர்ற திருடனைப் போட்டுத் தள்ளலாம், சட்டமே அனுமதிக்குது, பிரிவு 41" என்று மெசேஜ் போட்டான். வரிசையா தம்ப்ஸ்-அப் விழுந்தது. உண்மையைச் சொன்னா, நானும் ஒண்ணு போட்டேன். பிரிவு எண்ணோட ஒருத்தன் பேசினா நம்பத்தானே தோணும்?

அப்புறம் தூக்கம் வராம அந்தப் பிரிவைத் தேடிப் படிச்சேன். பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை. அதுக்கு முன்னாடி ஐ.பி.சி.யில் 96 முதல் 106 வரை கிட்டத்தட்ட இதே விஷயம்தான் இருந்தது. நம்ம உடம்பை மட்டுமில்ல, சொத்தைக் காப்பாத்தவும் நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமை எதிராளியின் உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாமா என்பதைத்தான் 41 சொல்லுது. போகலாம், நாலு சந்தர்ப்பத்தில். ஒண்ணு, கொள்ளை. ரெண்டாவது, சூரியன் மறைஞ்ச பிறகு விடியறதுக்குள்ள வீட்டை உடைச்சு உள்ளே நுழையறது. மூணாவது, ஆள் குடியிருக்கிற அல்லது பொருள் வைத்திருக்கிற கட்டடத்துக்குத் தீயோ வெடியோ வைக்கிறது. நாலாவதுதான் முக்கியம்: சாதாரணத் திருட்டு, சேதம், அத்துமீறல் என்றால், தடுக்கலைன்னா உயிரோ பெரிய காயமோ போகும் என்று நியாயமா பயப்படும்படி நிலைமை இருந்தால் மட்டும்.

அப்போ வெறும் திருட்டுக்கு? கொல்லாத அளவுக்கு அடிக்கலாம், அதுவும் பொருளைக் காப்பாத்த. அவ்வளவுதான். இதுக்கெல்லாம் மேலே பிரிவு 37 ஒரு மூடி மாதிரி உட்கார்ந்திருக்கு. தேவைக்கு மேல் சேதம் செய்யக் கூடாது. போலீஸ் உதவியைத் தேட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது.

அதாவது, திருடனைப் பிடிச்சுக் கட்டி வச்ச பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் தற்காப்பு இல்ல. அவனால இனி யாருக்கு என்ன ஆபத்து? 2018 பிப்ரவரியில் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள் இருக்கிற அட்டப்பாடியில், அரிசி திருடினான் என்று சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைப் பிடிச்சு, கையைக் கட்டி, அடிச்சாங்க. அவர் செத்துப் போனார். 2023 ஏப்ரலில் 14 பேரைக் குற்றவாளிகள் என்று கோர்ட் தீர்ப்பு சொன்னது. எங்க குரூப்பில் தம்ப்ஸ்-அப் போட்டவங்களில் யாரும் கெட்டவங்க இல்ல. அங்கே சுத்தி நின்னவங்களிலும் பலர் தங்களை அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

இதோட நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். லீவுக்கு மாமா ஊருக்குப் போனேன். சத்தியமங்கலம் பக்கம், காட்டை ஒட்டின மூணு ஏக்கர், மக்காச்சோளம். காட்டுப்பன்னி கூட்டமா இறங்கினா ஒரே ராத்திரியில் கால் வாசி வயல் தரைமட்டம். நஷ்ட ஈடு கேட்டு எழுதிக் கொடுத்தா, வர்றதுக்குள்ள அடுத்த போகம் முடிஞ்சிரும். மாமா ஒரு கட்டுக் கம்பியைக் காட்டி, "ஏன்டா மாப்ள, கரண்டு படிக்கறவன்தானே நீ? மோட்டார் ரூம்ல இருந்து இதுக்கு ஒரு லைன் இழுத்துக் கொடு. ராத்திரி மட்டும் போட்டுக்கறேன்" என்றார்.

நாலு வருஷம் படிச்சதுக்கு வீட்டில் யாராவது ஒரு வேலை கேட்பாங்களான்னு காத்திருந்தவன் நான். முதல்ல கேட்டது இது.

இங்கே கொஞ்சம் நம்ம சப்ஜெக்ட் பேசியாகணும், மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்துக்குங்க. கடையில் விக்கிற சோலார் வேலியில் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனா மின்சாரம் ஒரு நொடியில் மிகச் சின்னத் துணுக்கு நேரம்தான் துடிப்பா வரும், அடுத்த துடிப்புக்கு ஏறக்குறைய ஒரு நொடி இடைவெளி. தொட்டவன் சுளீர்னு கையை இழுத்துக்கலாம். நேரடியா 230 வோல்ட் கொடுத்தா அந்த இடைவெளி இல்ல. தசை இறுகிடும், கம்பியைப் பிடிச்ச கை விடாது. ஈரமான உடம்பை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்று வச்சுக்குங்க, ஓம் விதிப்படி 230 மில்லிஆம்பியர். 30 மில்லிஆம்பியர் கசிஞ்சாலே லைனை வெட்டுற மாதிரி ஆர்.சி.சி.பி.யை டிசைன் பண்ணியிருக்காங்க என்றால் ஏன்னு யோசிங்க. மாமா மோட்டார் ரூமில் ஆர்.சி.சி.பி. இல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்தக் கால் ஆம்பியர் ஒரு கணக்கே இல்ல, அது விழாது. ஆள் செத்தாலும் விழாது.

சட்டம் இதைப் பற்றி எப்பவோ பேசிடுச்சு. பீகாரில் ஒருத்தர் வீட்டுக் கழிப்பறையைப் பக்கத்து வீட்டுக்காரங்க பயன்படுத்தினாங்க. அவங்க கழிப்பறைச் சுவர் இடிஞ்சு விழுந்திருந்தது, வேற வழி இல்ல. வீட்டுக்காரர் திட்டிப் பார்த்தார், கேக்கல. கழிப்பறைக்குப் போற வழியில் உறை இல்லாத கம்பியைக் கட்டி மின்சாரம் கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா அதைத் தொட்டுச் செத்துட்டாங்க. என் இடம், என் சொத்து, தற்காப்பு உரிமை என்று அவர் வாதாடினார். 1963இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கல. அத்துமீறி நுழைஞ்சதாலேயே ஒருத்தர் சட்டப் பாதுகாப்புக்கு வெளியே போயிட மாட்டார் என்று சொல்லி, 304ஏ பிரிவில் தண்டனையை உறுதி செய்தது. அதே குற்றம் இப்போ பிரிவு 106, அஞ்சு வருஷம் வரை சிறை.

அமெரிக்காவிலும் ஒரு வழக்கு உண்டு. அயோவா மாநிலத்தில் ஆளில்லாத பண்ணை வீட்டுக் கதவைத் திறந்தா சுடுற மாதிரி துப்பாக்கியைக் கட்டி வச்சாங்க. பழைய பாட்டில் பொறுக்கப் போனவன் கால் சிதைஞ்சது. 1971இல் அவனுக்கு 30,000 டாலர் கொடுக்கச் சொன்ன தீர்ப்பை அந்த மாநில சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. திருடப் போனவனுக்கே பணமான்னு எனக்கும் முதல்ல கடுப்பாத்தான் இருந்தது.

ஆனா பிரிவு 41ஐத் திரும்பப் படிச்சா புரியுது. வந்தவன் எதுக்கு வந்தான், கையில் என்ன இருக்கு, இருட்டில் உங்க குழந்தை பக்கத்தில் இருக்கா, ஓடுறானா பாயறானா, இதையெல்லாம் அந்த நிமிஷம் பார்த்து, பயந்து, முடிவெடுக்கிற ஒரு மனுஷனுக்குத்தான் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கு. அவன் தப்பா முடிவெடுக்கலாம், ஆனா முடிவெடுக்க அங்கே இருக்கான். நீங்க தூங்கப் போயிட்டு அந்த உரிமையை ஒரு ஸ்விட்ச்கிட்ட ஒப்படைக்க முடியாது. கம்பி பன்னியையும் பார்க்காது, ஆடு தேடி வர்ற பாட்டியையும் பார்க்காது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் இப்படி ஒரு கம்பியில் மூணு யானை செத்துக் கிடந்தது, குட்டிங்க ரெண்டு பக்கத்திலேயே நின்னுச்சு.

நீங்க இ.இ.இ. என்றால் உங்ககிட்டயும் ஒருநாள் யாராவது கேட்பாங்க. மோட்டார் ரூம் லைனா இருக்கலாம், காம்பவுண்ட் சுவர் மேல கம்பியா இருக்கலாம். அப்போ பிரிவு எண் சொன்னா எடுபடாது, நான் சொல்லிப் பார்த்துட்டேன். "சட்டம் வந்து என் சோளத்தைக் காக்குமா?" என்றார் மாமா. அதுக்கு இன்னும் என்கிட்ட நல்ல பதில் இல்ல. லைன் மட்டும் இழுத்துக் கொடுக்கல. ரெண்டு நாள் என்னோட பேசல. அத்தைதான் நடுவில் புகுந்து, "வெடியறதுக்கு முன்னாடி தண்ணி பாய்ச்சப் போறது நான்தானே" என்று ஒரே வரியில் முடிச்சாங்க. நான் ஓம் விதி வரைக்கும் போய் விளக்கினதை!

சோலார் வேலிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. ஃபாரம் பூர்த்தி பண்ணிக் கொடுத்துட்டு வந்தேன். போன வாரம் போன் பண்ணினப்போ இன்னும் வரலைன்னார். அந்தக் கம்பிக் கட்டு எங்கேன்னு கேட்டேன்.

மோட்டார் ரூம்ல தான் இருக்காம்.