தராசு சரி, திரை சரியா?



தராசுக்கு முத்திரை போட வேண்டிய நாள் வந்தால் நாம் மறப்பதில்லை. எடைக்கல்லில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டிவிட்டுத்தான் தட்டில் வைக்கிறோம். ஆனால் அதே கல்லாவின் பக்கத்தில் காலை முதல் இரவு வரை பில் போடும் கம்ப்யூட்டரின் திரை எப்படி இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பல கடைகளில் எழுத்து மங்கிக் கிடக்கிறது. பில் போடும் பிள்ளைகள் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து படிக்கிறார்கள். கேட்டால், "மானிட்டர் பழசு முதலாளி, புதுசு வாங்கணும்" என்கிறார்கள். நாமும் பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். புதிது வந்த பிறகும் எழுத்து மங்கலாகவே இருக்கிறது!

பெரும்பாலான கடைகளில் குற்றம் மானிட்டர் மேல் இல்லை, அதை அமைத்து வைத்திருக்கும் முறையில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும்.

இது சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஒரு மூட்டை 8,350 ரூபாய் என்பதை 8,850 என்று படித்துப் பத்து மூட்டைக்குப் பில் போட்டால் 5,000 ரூபாய் வித்தியாசம். வாடிக்கையாளர் கண்டுபிடித்தால் நம் நாணயம் போகிறது. மாற்றிப் படித்தால் நம் பணம் போகிறது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எண்களின் பாரம் இன்னும் கூடிவிட்டது. 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணில் கடைசி எழுத்து சரிபார்ப்புக்காக வைத்தது. ஆகவே அதில் நேரும் தவறு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆனால் பில் எண்ணுக்கும் தொகைக்கும் அப்படி ஒரு காவல்காரன் கிடையாது. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தம் கணக்கில் ஏற்றிய பில்லுக்கு மட்டுமே வாங்கியவர் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியும். ஒரு 3, ஒரு 8 மாறினால் இரண்டு கடைக் கணக்கர்களும் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கிறது.

எழுத்து ஏன் மங்குகிறது? பழைய பெட்டி மானிட்டர் எந்த அளவு படத்தைக் கொடுத்தாலும் ஓரளவு சமாளித்துக் காட்டும். இன்றைய தட்டைத் திரை அப்படியல்ல. அதில் புள்ளிகள் தயாரிக்கும்போதே பதிந்துவிடுகின்றன. இன்று பரவலாக இருக்கும் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080, ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். வீட்டு வாசலில் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுவதை நினைத்துப் பாருங்கள். புள்ளிக் கணக்கு மாறினால் கோடு புள்ளியில் சேராது. திரையிலும் இதே கதைதான்.

எழுத்து சிறியதாக இருக்கிறது என்று நாம் சொன்னால், வரும் மெக்கானிக் உடனே 'ரெசல்யூஷன்' என்பதைக் குறைத்துவிட்டுப் போகிறார். 1,920 புள்ளித் திரைக்கு 1,280 புள்ளிப் படத்தை அனுப்பினால், ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியில் உட்கார வேண்டும். அரைப் புள்ளி என்று ஒன்று திரையில் இல்லையே! ஆகவே பக்கத்துப் புள்ளியோடு கலந்து பூசி மெழுகுகிறது. எழுத்து பெரிதாகும், தெளிவு போய்விடும்.

சரியான வழி இதுதான். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கம்ப்யூட்டரில் முகப்புத் திரையின் காலி இடத்தில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' வரும். அதில் ரெசல்யூஷனை 'ரெக்கமெண்டட்' என்று போட்டிருக்கும் அளவிலேயே விட வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க, 'ஸ்கேல்' என்ற இடத்தில் 100 என்பதை 125 அல்லது 150 சதவீதமாக மாற்ற வேண்டும். அப்போது புள்ளிகள் அத்தனையும் வேலை செய்யும். ஒவ்வொரு எழுத்துக்கும் அதிகப் புள்ளிகள் கிடைக்கும். மாற்றியபின் ஒரு முறை கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது நல்லது.

எழுத்து பெரிதானால் திரையில் கொள்ளும் வரிகள் குறையும் என்பது உண்மை. 1,920 புள்ளித் திரையில் 125 சதவீதம் வைத்தால் 1,536க்கு 864 அளவு இடம்தான் கிடைக்கும். 1,366க்கு 768 புள்ளிகள் உள்ள சிறிய திரையில் இப்படிக் கூட்டினால் பில் சாப்ட்வேரின் கீழ்வரிசைப் பொத்தான்களே மறைந்துவிடலாம். அங்கே 100லேயே விட்டுவிடலாம். மற்றவர்கள் 125ல் தொடங்கிப் பாருங்கள்.

சில கடைகளில் இதைச் செய்தபின் மற்ற எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்க, பில் சாப்ட்வேர் மட்டும் மங்கலாகத் தெரியும். அது பழைய காலத்தில் எழுதிய சாப்ட்வேர். தானாகப் பெரிதாகத் தெரியாததால் விண்டோஸ் அதைப் படம்போல இழுத்துக் காட்டுகிறது. அந்தச் சாப்ட்வேரின் ஐகானில் வலப் பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ்' என்று வரிசையாகப் போனால், கீழே 'ஓவர்ரைடு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்து, 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதை முதலில் முயன்று பார்க்கலாம். சரிவராவிட்டால் 'அப்ளிகேஷன்'. இதில் எழுத்து கூர்மையாகும், ஆனால் சிறியதாகிவிடும். எது தங்கள் பிள்ளைகளுக்கு ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கேபிள். மூன்று வரிசையில் 15 ஊசிகள் கொண்ட வி.ஜி.ஏ. கேபிள் 1987ல் வந்தது. பெட்டி மானிட்டர் காலத்துச் சரக்கு. மானிட்டரிலும் கம்ப்யூட்டரிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தும் பல கடைகளில் இன்னும் பழைய கேபிளே தொங்குகிறது. மாற்றினால் தெளிவு கூடும். பழைய துளை மட்டுமே இருந்தால், மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பொத்தானை ஒரு முறை அழுத்தினாலே ஆட்டம் நிற்கும். மானிட்டரின் 'ஷார்ப்னெஸ்' என்பதைக் கடைசி வரை ஏற்றி வைப்பதும் தவறு. எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டிக் கண்ணைக் கூசும். கம்பெனி வைத்து அனுப்பிய அளவே போதும்.

புதிது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்ததால், புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு பல கடைகளில் நடக்கிறது. விற்பவர் அங்குலத்தைச் சொல்லியே விற்பார். நாம் புள்ளியைக் கேட்க வேண்டும். 1,920 புள்ளிகளே 21.5 அங்குலத் திரையில் ஒரு சென்டிமீட்டருக்கு 40 விழுகின்றன; 27 அங்குலத்தில் 32தான். பெரிதாக வாங்கிவிட்டு எழுத்து சொரசொரப்பாக இருக்கிறது என்று வருந்திப் பயனில்லை. மூட்டையின் பருமனைப் பார்த்து யாரும் சரக்கு வாங்குவதில்லை அல்லவா? டி.வி.யை மானிட்டராக மாட்டுகிறவர்கள், படத்தின் ஓரம் வெட்டுப்படாதபடி அதன் மெனுவில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாம் தெரிந்தவர்கள் சாப்ட்வேர் விற்பவர்களும் பராமரிப்புக்கு வருபவர்களுமே. ஆனால் ஆண்டுக் கட்டணத்தை வாங்கிக்கொள்ளும் அவர்களில் பலர், பில் பிரிண்ட் ஆனால் தம் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். அடுத்த முறை கட்டணம் கொடுக்குமுன் திரையையும் அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். பில் போடும் பிள்ளையை உட்கார வைத்து, ஒரு கை தூரத்திலிருந்து பத்து விலைகளைப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் படித்தால் பணத்தைக் கொடுங்கள். நம் சங்கமும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி உறுப்பினர்களுக்கு அறிவுறுத்த ஆவன செய்ய வேண்டும்.

முதலாளி எப்போதோ ஒரு முறைதான் திரையைப் பார்க்கிறார். பத்து மணி நேரம் பார்ப்பவர் சம்பளத்துக்கு வந்த பிள்ளை. தலைவலி என்று அந்தப் பிள்ளை சொல்லாது. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். கேட்க வேண்டியது நாம்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? இந்த வாரமே கல்லாவைவிட்டு இறங்கி, அந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.