மாநகரசபையின் கணக்கு

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக் கடைசி வாரத்தில் ஒரு நாட்காலை, வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையைக் கூட்டவரும் அம்மாள், ஈர்க்குமாற்றை மதிலோடு சாத்திவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, பட்ஜெட் தோத்துப் போச்சாமே? அப்ப வர்ற மாசம் எங்களுக்குச் சம்பளம் உண்டா?”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையில் தமிழும் சரித்திரமும் போதித்தவன் நான். கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் விழித்த மாணவர் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். அன்று காலை நான் அவர்களில் ஒருவனாக நின்றேன். “ஒன்றும் ஆகாது, அம்மா, பயப்படாதேயுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். ஆறுதல் மொழிதான், அறிந்து சொன்ன மொழியன்று. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நடந்தது இதுதான். கொழும்பு மாநகரசபையின் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் டிசம்பர் 22ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தது. சபையின் அங்கத்தவர் 117 பேர். ஆதரவாக 57 வாக்குகளும் எதிராக 60 வாக்குகளும் விழுந்தன; திட்டம் தோற்றது. அவ்வாண்டு மே மாதத்துத் தேர்தலில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. அதிக ஆசனங்களைப் பெற்ற கட்சிக்கே 48தான். ஜூன் மாதத்தில் மேயர் வ்ராய் கெலி பல்தசார் தெரிவானதும் நெருக்கமான ஓர் இரகசிய வாக்கெடுப்பின் மூலமே. ஆகவே டிசம்பர்த் தோல்வி எதிர்பாராத இடியன்று. ஆண்டின் இறுதி நாளாகிய 31ஆம் திகதி அதே திட்டம் மறுபடியும் சபைக்கு வந்து, சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. இடையிலே ஒன்பது நாட்கள். அந்த ஒன்பது நாட்களும் எங்கள் ஒழுங்கை வழக்கம்போலக் கூட்டப்பட்டது.

எதிர்த்து வாக்களித்தவர்கள் செய்தது சரியா, ஆதரித்தவர்கள் செய்தது சரியா என்று தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. என் குறை வேறு. அந்நாட்களில் பத்திரிகைகளிலும் தேநீர்க் கடைகளிலும் நடந்த பேச்செல்லாம் எந்தக் கட்சியின் அங்கத்தவர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. தலைகளை எண்ணினோம், செலவுத் தலைப்புக்களை எண்ணவில்லை. வடிகாலுக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு, குப்பை அள்ளுவதற்கு எவ்வளவு என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, அந்த அம்மாளைத் தவிர.

இலக்கிய அன்பர்களாகிய நாம் வரி என்ற சொல்லைக் கேட்டவுடன் பிசிராந்தையாரின் யானையை அழைத்துவந்து மேடையில் நிறுத்துவது வழக்கம். புறநானூற்று யானை வயலில் நடந்து நடந்து களைத்துவிட்டது. 2019இல் இந்திய நிதியமைச்சர்கூட அதனை நாடாளுமன்றத்துக்கு அழைத்துச் சென்றார். அதற்கு இனியேனும் ஓய்வு கொடுப்போம். எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ 920ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டது. குடவோலைத் தேர்தலைப் பற்றி நாம் மாணவருக்குப் பெருமையோடு சொல்லிக் கொடுக்கிறோம். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று இருந்தமையையும் சொல்கிறோம். ஆனால் அதிலுள்ள மிகக் கடுமையான விதியை விரைந்து கடந்துவிடுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவன். அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்கள். தேர்தல் முறையைக் காட்டிலும் கணக்கு முறையே அச்சபையாருக்குப் பெரிதாகப் பட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

நம்முடைய சபையின் கதையையும் சிறிது பார்க்கவேண்டும். 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினாற் பிறந்தது கொழும்பு மாநகரசபை. நெடுங்காலம் அரசாங்க உத்தியோகத்தரே தலைமை வகித்தனர். 1937இல்தான் அங்கத்தவராலே தெரிவு செய்யப்பட்ட முதல் மேயர் வந்தார். அவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து, ஒரு தமிழர். பின்னர் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அந்த ஆசனத்தில் இருந்தார். 1954இல் கலாநிதி என். எம். பெரேரா மேயரானார், அவரே பிற்காலத்தில் நாட்டின் நிதியமைச்சரானவர். நகர மண்டபத்தில் வடிகாலுக்கும் விளக்குக்கும் பணம் பங்கிட்டது அவருக்கு நல்ல பயிற்சியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அக்காலத்துச் சபை ட்ராம் வண்டி ஓட்டிய சபை. 1944இல் ட்ராம் சேவையைத் தானே ஏற்று நடத்தியது. 1953இல் ட்ரொலி பஸ்களை விட்டது. ட்ராம் 1960இலும் ட்ரொலி பஸ் 1964இலும் மறைந்தன. லபுகமையிலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த வேலை 1886இல் நிறைவெய்தியது. அந்த நீர்வழங்கலும் பின்னர் 1975இல் அமைந்த தேசிய நீர்வழங்கல் சபையின் பொறுப்பாயிற்று. இவ்வாறு ஒவ்வொன்றாகக் கைநழுவிய பின் சபையிடம் எஞ்சியிருப்பவை குப்பை, கான், சிறு வீதி, தெருவிளக்கு, சந்தை, மயானம், சிகிச்சை நிலையம், நூலகம். பெரியவர்கள் பேசக் கூச்சப்படும் விஷயங்கள். ஆயினும் ஒரு நாளில் காலை முதல் மாலைவரை நம்மைத் தொடுபவை இவைதாமே.

கழிவுநீரையே எடுத்துக்கொள்வோம். கொழும்பின் நிலத்தடிக் குழாய்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்டவை. நகரின் கழிவு இரண்டு இடங்களிற் கடலைச் சேருகிறது: வடக்கே முகத்துவாரம், தெற்கே வெள்ளவத்தை. கொட்டாஞ்சேனைத் தமிழருக்கும் வெள்ளவத்தைத் தமிழருக்கும் பேச்சிலும் பழக்கத்திலும் வருவாயிலும் எவ்வளவோ வேற்றுமையுண்டு. வெள்ளவத்தையான் கொட்டாஞ்சேனைக்குப் போவது பெரும்பாலும் கலியாணத்துக்கு அல்லது கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் சந்நிதிக்கு. ஆனால் நிலத்துக்கு அடியிலே இரு பகுதிகளும் ஒரே சபையின் ஒரே கணக்கினால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு முனையில் ரூபா ஒன்றைக் குறைத்தால் மறுமுனையில் அது நாற்றமாக வரும்.

குப்பையின் கதை இதனினும் துயரமானது. கொட்டாஞ்சேனைக்கு அருகே புளூமெண்டலில் நகரத்துக் குப்பை மலையாக எழுந்து நின்றதை வடகொழும்பில் வாழ்ந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். நீதிமன்றத் தலையீட்டின் பின் 2009இல் அது மூடப்பட்டது. மூடப்பட்டதேயன்றி, குப்பை குறையவில்லை. அது மீதொட்டமுல்லைக்குப் போயிற்று. கொழும்பு மாநகரின் எல்லைக்கு வெளியே, கொலன்னாவையில், நம்முடைய வாழையிலையும் பொலித்தீனும் மற்றொருவருடைய வீட்டின்மேல் உயர்ந்துகொண்டே வந்தன. 2017 ஏப்பிரில் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அந்த மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. நாம் அன்று புத்தாடை உடுத்துக் கைவிசேஷம் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்பொழுது கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையம் 2021 முதல் இயங்குகிறது. புத்தளத்து அருவக்காட்டுக்கும் கழிவு கொண்டுசெல்லும் திட்டம் உருவானது. நல்லதே. ஆனால் தூரம் கூடக்கூடச் செலவும் கூடும் என்பதை அறியப் பெரிய பொருளாதாரப் படிப்பு வேண்டியதில்லை. அச்செலவு எங்கிருந்து வரும்?

பெரும்பங்கு வீட்டு வரியிலிருந்து வரவேண்டும். சிலர் ஆதன வரி என்பர், சிலர் சோலைவரி என்பர்; கொழும்பில் மதிப்பீட்டு வரி என்ற பெயரும் வழங்குகிறது. கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியை மதிப்பிட்டு, அதில் இத்தனை வீதம் என்று விதிப்பது முறை. காலாண்டுக்கு ஒரு தடவை செலுத்தலாம். வருடம் முழுவதுக்கும் ஜனவரி 31க்கு முன் செலுத்தினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. அப்பத்து வீதத்துக்காக ஜனவரியில் வரிசையில் நிற்கும் முகங்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களுள் ஒருவன். பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறும்போது, பிரஜையின் கடமை முடிந்தது என்ற நிறைவு முகத்திலே படரும். பணம் கொடுத்தோம், கழிவும் பெற்றோம். அதற்கு மேல் என்ன?

அதற்கு மேல் பல உண்டு. மதிப்பீடு பழையதாகவே இருக்க, ஓட்டுவீடு இருந்த காணியில் பத்து மாடி எழுந்தால், வரியின் பாரம் யார் தோளில் இறங்குகிறது? காலி வீதியிலிருந்து கடற்கரை வரையுள்ள ஒழுங்கைகளில் நிற்கும் தொடர்மாடிகளைப் பார்ப்பவர்களுக்கு இக்கேள்வி எழாமலிராது. மேலும், வரி வீட்டுக்காரர் பெயரில் எழுதப்பட்டாலும் அது வாடகைக்குள் ஒளிந்து குடியிருப்போரிடம் வந்து சேருகிறது. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகைக்குக் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்களுட் பலர் இந்நகருக்கு இறுத்த பணம் கொஞ்சமன்று. ஆயினும் தம்மை வரியிறுப்பாளர் என்று அவர்கள் எண்ணியதே இல்லை. ‘ஊரிலேதான் எங்கள் வோட்’ என்று சொல்லிவிட்டார்கள். நகரத்தில் விருந்தாளியாக முப்பது வருடம் இருப்பது ஒரு விநோதமான வாழ்க்கைதான்.

சம்பளத்தைப் பற்றி அந்த அம்மாள் கேட்டதற்கு வருகிறேன். நான் பின்னொரு நாள் அவரிடம் விசாரித்தேன். “எங்களுக்குச் சம்பளம் கம்பெனி குடுக்குது, ஐயா. கம்பெனிக்குச் சபை குடுக்கணும்” என்றார். இரண்டே வசனங்களில் நகர நிர்வாகத்தின் பெரிய மாற்றமொன்றை அவர் சொல்லிவிட்டார். ஆங்கிலேயர் காலத்திலிருந்து இந்நகரைச் சுத்தஞ் செய்தவர்களிற் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர். சபையின் லயன் அறைகளிலே பிறந்து, சபையின் வேலைக்கே போய், அங்கேயே மடிந்தவர்கள். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் இந்திய வம்சாவளியினருட் பெருந்தொகையானோர் பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தபோது, நகரசுத்தித் தொழிலாளர் பலரும் அவர்களோடு இழந்தனர். ஆயினும் சபையின் சம்பளப் பட்டியலிலே அவர்கள் பெயர் இருந்தது. இப்பொழுது நகரின் துப்புரவுப் பணியில் ஒரு பெரும் பகுதி தனியார் கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் விடப்பட்டிருக்கிறது. பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. வரவு செலவுத் திட்டத்தை எத்தனை தடவை புரட்டினாலும் அந்த அம்மாளின் கூலியைத் தனியாகக் காணமுடியாது. ஒப்பந்தத் தொகை என்ற ஒரு கட்டுக்குள் அது கிடக்கும். கம்பெனி எவ்வளவை எடுத்துக்கொண்டு எவ்வளவைக் கொடுக்கிறது என்பதைச் சபையிலுள்ள 117 பேரில் ஒருவராவது எழுந்து கேட்டிருந்தால், அந்த டிசம்பர் விவாதத்துக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

சபையே இல்லாதிருந்த காலமும் அண்மையில்தான் கழிந்தது. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தாற் பின்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நடுப்பகுதிவரை, இரண்டு வருடங்களுக்கு மேலாக, தெரிவு செய்யப்பட்டவர் ஒருவருமின்றி உத்தியோகத்தரே இம்மாநகரை நடத்தினர். குப்பை அள்ளப்பட்டது; விளக்கு எரிந்தது. ‘பார்த்தீர்களா, சபையில்லாமலே எல்லாம் நடக்கிறது’ என்று என் நண்பர் ஒருவர், அவரும் ஓர் ஆசிரியர், என்னிடம் சொன்னார். தலைமையாசிரியர் இல்லாத பாடசாலையிலும் மணி அடிக்கும் என்று பதில் சொன்னேன். அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

வேறிடங்களில் இக்காரியத்தை வேறுவிதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் வட்டாரந்தோறும் மக்கள் கூடி, நகரின் செலவில் எது முந்தவேண்டும், எது பிந்தவேண்டும் என்று தாமே வரிசைப்படுத்தினார்கள். நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளூர் மன்றங்களுக்கு விட்டது. அங்கே எல்லாம் பாலும் தேனுமாக ஓடிற்று என்று நான் சொல்லவரவில்லை. கூட்டத்திற் சத்தம் போட்டவனுக்கே முதலில் கானும் பாலமும் கிடைத்திருக்கவும் கூடும். ஆனாற் கணக்கை வாசிக்கும் பழக்கம் அங்கே சாதாரண மக்களுக்கு வந்தது.

இங்கே அப்பழக்கத்தை யார் தொடங்குவது? ஆசிரியரும் மாணவருமே தொடங்கலாம் என்பேன். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் சட்டப்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 முதல் வெள்ளவத்தையில் இலக்கியத் தொண்டு செய்துவருகிறது; அதன் மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுது, கவியரங்குக்குப் பதிலாக, மாநகரசபையின் வரவு செலவுத் திட்டத்தைப் பக்கம் பக்கமாக வாசித்தால் என்ன? கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை மண்டபங்கள் இருக்கின்றன. சபையின் நூலகம் 1925 முதல் நம்மை வாசிக்கப் பழக்கிய நூலகம். அதற்கு இவ்வாண்டு தமிழ்ப் புத்தகம் வாங்க எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று இப்பக்கத்தை வாசிக்கும் எழுத்தாளர் எவருக்கேனும் தெரியுமா? தெரியாது என்றால் முதற்கேள்வி அதுவாகவே இருக்கட்டும்.

ஜனவரியில் ஒரு காலை அந்த அம்மாளைக் கண்டு, சம்பளம் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். பிறகு, “பட்ஜெட் பாஸாயிருச்சுன்னாங்களே, அதுல எங்களைப் பத்தி என்ன போட்டிருக்காங்க, ஐயா?” என்று கேட்டார். இன்னும் வாசிக்கவில்லை, வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.