ஊரை இணைக்கும் உத்தியோகம்!

கம்ப்யூட்டர் வேலை என்றால் புரோகிராம் எழுதும் வேலை என்றுதான் பல பெற்றோர் நினைக்கிறார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் வேலை. இதற்கு "நெட்வொர்க்" வேலை என்று பெயர்.

தகப்பனார் ஓர் ஊர் பாங்கியில் பணம் போடுகிறார். சிறிது நேரத்தில் மகன் வேறு ஊரில் அதை எடுக்கிறான். ரெயில் டிக்கெட் வீட்டிலேயே கிடைக்கிறது. எல்லாம் இந்த இணைப்பால்தான்!

என்ன வேலை?

கம்பி இழுப்பதில் வேலை தொடங்குகிறது. செம்புக் கம்பியில் ஓர் இணைப்பு 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் என்றால் நடுவில் "சுவிட்ச்" வைக்க வேண்டும். அல்லது கண்ணாடி இழை போட வேண்டும்.

சுவிட்ச் என்ற பெட்டி, ஒரே இடத்தில் உள்ள கம்ப்யூட்டர்களை இணைக்கும். "ரூட்டர்" என்ற பெட்டி, செய்தி எந்த வழியே போக வேண்டும் என்று காட்டும்.

தபாலுக்கு விலாசம் வேண்டும் அல்லவா? அதுபோல் கம்ப்யூட்டருக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்களைப் பங்கிட வேண்டும். திருடர் நுழையாமல் காவல் வைக்க வேண்டும். இணைப்பு அறுந்தால், எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே கட்டளை!

2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் நின்றுபோயின. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளையே காரணம்! தூரத்தில் இருந்து சரிசெய்ய முடியவில்லை. என்ஜினீயர்கள் நேரில் போனார்கள். இணைப்பு திரும்ப சுமார் 6 மணி நேரம் ஆயிற்று.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். கவனம் வேண்டும். இரவில் கண் விழிக்கவும் வேண்டும். ஆபீஸ் நடக்கும்போது பெட்டியைக் கழற்ற முடியுமா?

ஆண்களுக்கு மட்டுமா? இல்லை. செய்தி சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கைத் திணறடிக்காமல் காக்கும் முறையை 1985-ல் வெளியிட்டவர் ஒரு பெண். பெயர் ரேடியா பெர்ல்மன்.

நகை பத்திரம்!

சிஸ்கோ கம்பெனி "சி.சி.என்.ஏ." என்ற பரீட்சையை நடத்துகிறது. அதை எழுதப் பட்டம் கட்டாயம் இல்லை. பாலிடெக்னிக் படித்தவரும் எழுதலாம். சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஆனால், சான்றிதழ் வேறு, வேலை வேறு. "பணம் கட்டுங்கள், வேலை நிச்சயம்" என்று சொல்லுகிறவர்களை நம்பித் தாயின் நகையை அடகு வைப்பது தவறு. பரீட்சை நடத்தும் கம்பெனியே அப்படி உறுதி கொடுப்பதில்லை!

முதலில் "பாக்கெட் டிரேசர்" என்ற பயிற்சிச் சாதனத்தில் பிள்ளை பழகட்டும். அதுவும் சிஸ்கோ தருவதுதான். காசு இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் அமைத்துப் பார்க்கலாம். இரண்டு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லையா? அப்போது நல்ல பள்ளியைத் தேடலாம்.

அங்கே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என் பிள்ளை ரூட்டரைக் கையால் தொட்டுப் பழக முடியுமா?"

முதல் உத்தியோகம் சின்னதாக இருக்கலாம். புகார் கேட்டு எழுதுவதாக இருக்கலாம். அதில் வெட்கம் இல்லை. கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் மேலே வருவார். வெறும் காகிதத்தை வைத்திருப்பவர் அங்கேயே நிற்பார்.